கரப்பான், எறும்பு, எலி, மூட்டைப்பூச்சி: எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் செய்வது – முழுமையான வழிகாட்டி

கரப்பான் கண்ணில் பட்டதும் ஸ்ப்ரே டப்பாவை எடுக்கிறோம். எலி ஓடினால் எலி மருந்து வாங்கி வருகிறோம். இரண்டுக்கும் ஒரு நேரம் உண்டு. எடுத்த எடுப்பில் பயன்படுத்தினால் அடுத்துச் செய்ய வேண்டிய வேலையை அவையே கெடுத்துவிடும். ஸ்ப்ரே அடித்த இடத்தில் வைத்த ஜெல் மருந்தைக் கரப்பான் சீண்டாது. மருந்து தின்ற எலி சுவருக்குள் செத்தால் நாற்றம் வாரக்கணக்கில் நிற்கும்.

புதிதாக இந்த வேலையில் இறங்குகிறவர்கள் மருந்தைத் தேர்ந்தெடுப்பதில் அவ்வளவாகத் தவறுவதில்லை, வரிசையில்தான் தவறுகிறார்கள். உங்கள் வீட்டில் எலித் தொல்லை மட்டும்தான் என்றாலும் முதல் நான்கு பகுதிகளைத் தாண்டிக் குதிக்க வேண்டாம்.

1. தொடங்கும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

முதலில் ஒரு நல்ல டார்ச். செல்போன் விளக்கின் வெளிச்சம் பரவி விழுவதால் இடுக்கின் ஆழம் தெரியாது. சிறிய டார்ச்சைச் சுவரோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தால் புழுக்கையும் தூசியில் பதிந்த கால்தடமும் நிழலோடு எழுந்து தெரியும். போனுக்கு வேறு வேலை இருக்கிறது. ஃப்ரிட்ஜுக்குப் பின்னாலும் சிங்க்குக்கு அடியிலும் தலை நுழையாத இடங்களில் கையை மட்டும் நீட்டி வீடியோ எடுத்துப் பார்க்கலாம்.

பூச்சி ஒட்டும் பசை அட்டை, ஸ்க்ரூடிரைவர், ரப்பர் கையுறை, முகக்கவசம், மார்க்கர் பேனா, பழைய செய்தித்தாள் ஆகியவற்றை எடுத்து வையுங்கள். அடைப்பு வேலைக்கு சிமென்ட், சிலிக்கான் சீலன்ட், ஸ்டீல் நார், கண் 6 மி.மீ.க்கு மிகாத இரும்பு வலை வேண்டும். துணி, தெர்மாகோல், ஃபோம் இவற்றை வைத்து எலிப் பொந்தை அடைப்பவர்கள் நிறைய. எலியின் முன்பற்கள் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருப்பவை. இதையெல்லாம் ஒரே இரவில் கடித்து வழி எடுத்துவிடும்.

மருந்து எதையும் இப்போது வாங்காதீர்கள். எது தேவை என்பது மூன்றாம் பகுதி முடியும்போதுதான் தெரியும்.

2. வந்திருப்பது யார் என்று பாருங்கள்

கரப்பான் என்று நாம் பொதுவாகச் சொல்வது குறைந்தது இரண்டு பூச்சிகளை. இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

ஒன்றரை செ.மீ.க்குள், வெளிர் பழுப்பாக, தலைக்குப் பின்னால் இரண்டு கருங்கோடுகளோடு இருப்பது ஜெர்மன் கரப்பான். இது வீட்டுக்குள்ளேயே, பெரும்பாலும் சமையலறையிலேயே பிறந்து வளர்ந்து சாகும். பெண் கரப்பான் 30 முதல் 40 முட்டைகள் கொண்ட பையைக் குஞ்சு பொரிக்கும் தறுவாய் வரை வயிற்று நுனியிலேயே சுமந்து திரியும். அந்தக் குஞ்சுகள் இரண்டு மூன்று மாதத்தில் வளர்ந்து, அவையும் முட்டையிடத் தொடங்கும்.

நாலு செ.மீ. வரை வளரும் செம்பழுப்பு நிறப் பெரிய ரகம் அமெரிக்கக் கரப்பான். இதன் ஊர் சாக்கடை. வடிகுழாய் வழியாகவும் கதவு இடுக்கு வழியாகவும் மேலே வரும். ஒரு முட்டைக்கூட்டில் சுமார் 15 முட்டைகள்தான்; வளரவும் பல மாதம் பிடிக்கும். பெரியதைப் பார்த்துப் பதறி, சிறியதைப் பார்த்து "குட்டிதானே" என்று விட்டுவிடுவது வழக்கம். உண்மையில் பயப்பட வேண்டியது அந்தச் சிறிய ரகத்துக்குத்தான்.

எலியை நேரில் பார்க்க வேண்டியதில்லை, புழுக்கையே சொல்லிவிடும். 3 முதல் 6 மி.மீ. நீளத்தில் முனை கூராக இருந்தால் சுண்டெலி. 12 மி.மீ. அளவில் கூர்முனையோடு இருந்தால் கூரையிலும் பரணிலும் ஏறும் வீட்டு எலி. இதன் வால் உடலைவிட நீளம். 18 மி.மீ.க்கு மேல், முனை மழுங்கி இருந்தால் வளை தோண்டும் சாக்கடை எலி. புதிய புழுக்கை கருமையாகப் பளபளக்கும், குச்சியால் அழுத்தினால் நசுங்கும். பழையது வெளுத்து, தொட்டால் உதிரும். பழையது மட்டும்தான் கிடைக்கிறதென்றால் எலி போய்விட்டிருக்கலாம். பொறி வைக்கும் முன் அந்தப் புழுக்கையை மட்டும் (எட்டாம் பகுதியில் உள்ள முறையில்) சுத்தம் செய்துவிட்டு ஒரு வாரம் கவனியுங்கள்.

நீண்ட மூக்கும் குமட்டும் வாடையுமாகச் சுவரோரம் கீச்சிட்டு ஓடுவது மூஞ்சூறு. அது எலி இனமே இல்லை, பூச்சி தின்னி. அது வீட்டில் சுற்றுகிறதென்றால் தின்பதற்குக் கரப்பான் கிடைக்கிறது என்று பொருள். கரப்பானைக் குறைத்துக் கதவடி இடுக்கை மூடினால் தானாகப் போய்விடும். அதற்காகப் பொறி வைக்க வேண்டாம்.

மரச்சாமானில் தொல்லை என்றால், சுவரிலோ மரத்திலோ மண் கோடு ஏறியிருக்கிறதா பாருங்கள், இருந்தால் கரையான். குண்டூசித் துளைகளும் அவற்றின் கீழே மாவு போன்ற தூளும் இருந்தால் மரத்தைத் துளைக்கும் வண்டு. தூளாக இல்லாமல் குருணை குருணையாகக் கொட்டியிருந்தால், மண்ணோடு தொடர்பில்லாமல் மரத்துக்குள்ளேயே வாழும் உலர்மரக் கரையானாக இருக்கலாம்.

மூட்டைப்பூச்சியை மட்டும் உடம்பிலுள்ள தடிப்பை வைத்து முடிவு செய்யாதீர்கள். கொசுக்கடியும் அப்படித்தான் இருக்கும், சிலருக்கு மூட்டை கடித்தாலும் தடிக்காது. மெத்தைத் தையலிலும் கட்டில் மூட்டுகளிலும் மை தெறித்தது போன்ற கரும்புள்ளிகள் இருக்கின்றனவா என்பதுதான் சாட்சி.

3. சுத்தம் செய்வதற்கு முன் உளவு பாருங்கள்

பூச்சியைப் பார்த்ததும் வீட்டையே கழுவிவிடுகிறார்கள். கறை, புழுக்கை, எறும்புத் தடம் எல்லாம் போய்விடும், கூடு எங்கே என்பதற்கு அடையாளமே மிஞ்சாது. மூன்று நான்கு இரவு பொறுங்கள்.

பசை அட்டைகளில் தேதியும் எண்ணும் எழுதி, சுவரும் தரையும் சேரும் மூலையில் ஒட்டினாற்போல் வையுங்கள். சிங்க்குக்கு அடியில், அடுப்புக்குப் பின்னால், ஃப்ரிட்ஜின் இரு பக்கமும், குளியலறைக் கதவோரம் என்று பரவலாக இருக்கட்டும். நடுத்தரையில் வைத்த அட்டை வீண். கரப்பானும் சரி, எலியும் சரி, உடம்பின் ஒரு பக்கம் எதையாவது உரசிக்கொண்டே போகும் பழக்கம் உள்ளவை.

அட்டையில் எத்தனை விழுந்தன என்பதைவிட எந்த அளவில் விழுந்தன என்பதுதான் முக்கியம். சிறகில்லாத சிறு குஞ்சுகள் கூட்டைவிட்டு அதிக தூரம் போகாது. ஆகவே குஞ்சுகள் கொத்தாக ஒட்டியிருக்கும் அட்டைக்குப் பக்கத்தில்தான் கூடு. பெரியவை ஒன்றிரண்டு மட்டும் இருந்தால் அது அவை போய்வரும் பாதை.

விளக்கை அணைத்து இரண்டு மணி நேரம் கழித்து ஒருமுறை சமையலறைக்குப் போய்ப் பாருங்கள். விளக்கைப் போட்டதும் அடிக்க ஓடாதீர்கள்; அப்படியே நின்று, அவை எந்தப் பக்கம் ஓடி எந்த இடுக்கில் நுழைகின்றன என்று பாருங்கள். இப்படிப் பார்க்கும்போது ஃப்ரிட்ஜின் கீழே கம்ப்ரசர் இருக்கும் பகுதிதான் பல வீடுகளில் மாட்டும். சூடு, இருட்டு, வடியும் நீர் எல்லாம் அங்கே ஒரே இடத்தில் இருக்கின்றன. பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பின்பக்க மூடியைக் கழற்றி டார்ச் அடித்தால், ஒயர் நுழையும் ரப்பர் வளையத்தைச் சுற்றி மிளகுத்தூள் தூவியதுபோல் கறை படிந்திருக்கும். அது அவற்றின் கழிவு.

கண்டதையெல்லாம் ஒரு காகிதத்தில் வீட்டின் படம் போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மருந்தும் பொறியும் இந்தப் படத்தைப் பார்த்துத்தான் வைக்கப் போகிறோம்.

4. முதலில் தண்ணீர், பிறகு சாப்பாடு

தண்ணீர் இருந்தால் கரப்பான் சாப்பாடில்லாமல் ஒரு மாதம்கூடத் தாக்குப்பிடிக்கும். தண்ணீர் இல்லாவிட்டால் இரண்டு வாரம் தாங்குவதே கடினம். ஆகவே முதல் வேலை ஒழுகும் குழாயைச் சரிசெய்வது. அடுத்து, இரவு படுக்கும் முன் சிங்க்கைத் துடைத்து உலர வைப்பது, ஈரத் துணியைச் சமையலறையில் போட்டு வைக்காமல் இருப்பது, ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டு நீரைக் கொட்டுவது.

அந்தத் தட்டையும் பூந்தொட்டித் தட்டையும் வெறுமனே கவிழ்த்தால் போதாது, உள்பக்கம் தேய்த்துக் கழுவுங்கள். பகலில் கடிக்கும் ஏடிஸ் கொசுவின் முட்டை தட்டின் சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்த நிலையில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். மறுபடி நீர் ஏறினால் பொரிக்கும். முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க வெப்பநிலையைப் பொறுத்து ஒன்றரை வாரம் போதும் என்பதால், வாரம் ஒருமுறை தேய்ப்பது கணக்குக்குச் சரியாக இருக்கும்.

சுண்டெலிக்கு இந்தத் தண்ணீர்க் கட்டுப்பாடு பலிக்காது. சாப்பாட்டிலுள்ள ஈரமே அதற்குப் பெரும்பாலும் போதும். பெரிய எலிகளுக்குத் தினமும் தண்ணீர் வேண்டும்.

சாப்பாட்டு விஷயத்தில் இரவுதான் முக்கியம். குப்பைத்தொட்டிக்கு இறுக்கமான மூடி, அடுப்புக்கு அடியிலுள்ள எண்ணெய்ப் பிசுக்கு, வளர்ப்புப் பிராணியின் தட்டில் மிஞ்சிய உணவு ஆகிய மூன்றையும் கவனித்தாலே பாதி வேலை முடிந்தது. ஜெல் மருந்தும் பொறியில் வைக்கும் இரையும் உணவுதான். பக்கத்திலேயே இதைவிட ருசியானது கிடக்கும்போது எந்தக் கரப்பானும் உங்கள் மருந்தைத் தேடி வராது.

அட்டைப்பெட்டிகளை வெளியேற்றுங்கள். நெளி அட்டையின் குழல்கள் கரப்பான் குஞ்சுக்கு அளவெடுத்துச் செய்த வீடு; அதை ஒட்டிய பசையும் தின்னக் கிடைக்கும். வெளியிலிருந்து புதிதாகக் கரப்பான் வீட்டுக்குள் வருவதும் அடிக்கடி இந்தப் பெட்டிகளில்தான்.

5. கரப்பானுக்கு ஜெல் வைக்கும் முறை

சுத்தம் செய்து, கழுவிய இடங்கள் உலர்ந்த பிறகுதான் ஜெல். வைத்தபின் அந்த இடங்களில் வாசனைத் தரைத்திரவம், ப்ளீச், ஸ்ப்ரே எதுவும் படக் கூடாது. இந்த வேலை பாழாவதற்கு முதல் காரணமே ஜெல்லுக்கு மேல் ஸ்ப்ரே அடிப்பதுதான். பைரித்ராய்டு (வீட்டு ஸ்ப்ரேக்களில் பெரும்பாலும் இருக்கும் பூச்சிக்கொல்லி) வகை ஸ்ப்ரேக்கள் கரப்பானைக் கூட்டைவிட்டுச் சிதறடிக்கும், ஜெல்லின் பக்கம் வரவிடாது. போதாக்குறைக்கு, ஜெர்மன் கரப்பானில் பல கூட்டங்கள் அந்த வகை மருந்துகளுக்கு எதிர்ப்புத் திறன் பெற்றுவிட்டன.

ஒவ்வொரு புள்ளியும் குண்டூசித் தலையைவிடச் சற்றுப் பெரிதாக இருந்தால் போதும். ஒரே இடத்தில் பெரிய உருண்டையாக வைப்பதைவிட, அதே அளவு மருந்தைப் பத்துப் பன்னிரண்டு புள்ளிகளாகப் பிரித்து வைப்பது பலன் தரும். முட்டைப்பை சுமக்கும் பெண்ணும் சிறு குஞ்சும் கூட்டைவிட்டு அதிகம் நகராதவை என்பதால், மருந்துதான் அவற்றின் வாசலுக்குப் போக வேண்டும். அலமாரிக் கதவுகளின் கீல் மூலை, குழாய் சுவருக்குள் நுழையும் இடம், இழுப்பறை ஓடும் தண்டவாளத்தின் பின்முனை, ஃப்ரிட்ஜ் மோட்டார்ப் பகுதியின் விளிம்பு என்று படத்தில் குறித்த இடங்களில் வையுங்கள். ஸ்விட்ச் பெட்டிக்குள் வைக்காதீர்கள். அதன் சட்டத்தின் ஓரம் போதும்.

தின்ற கரப்பான் உடனே சாகாது, சாகவும் கூடாது. கூட்டுக்குத் திரும்பிப் போய் அங்கே செத்தால்தான் அதன் கழிவையும் உடலையும் தின்னும் குஞ்சுகளுக்கும் மருந்து போய்ச் சேரும். அதனால் முதல் சில நாள்களில் பகலிலேயே மந்தமாக ஊரும் கரப்பான்கள் கூடுதலாகக் கண்ணில் படும். "மருந்து வேலை செய்யவில்லை" என்று பலர் ஸ்ப்ரேயைக் கையில் எடுப்பது சரியாக இந்தக் கட்டத்தில்தான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வாரம் கழித்துச் சுற்றி வாருங்கள். தின்று தீர்ந்த புள்ளிகளை நிரப்புங்கள், காய்ந்தவற்றைச் சுரண்டிவிட்டுப் புதிதாக வையுங்கள். மூன்று நான்கு வாரத்தில் இன்னொரு முறை அவசியம், முட்டைப்பைக்குள் இருந்தவை அதற்குள் பொரித்திருக்கும். தொடப்படாத புள்ளிகளே அதிகம் என்றால் வேறு ஜெல்லுக்கு மாறுங்கள். மாற்றும்போது பிராண்டு பெயரைப் பார்க்காமல் லேபிளில் உள்ள மருந்தின் பெயரைப் பாருங்கள். ஃபிப்ரோனில், இமிடாகுளோப்ரிட், இண்டாக்சாகார்ப் என்று வகை உண்டு. சில ஜெர்மன் கரப்பான் கூட்டங்கள் குளுக்கோஸ் இனிப்பையே வெறுக்கும்படி மாறியிருப்பது ஆய்வுகளில் தெரிந்த செய்தி. அவற்றுக்கு மருந்தோடு, அது கலந்த இரையும் மாற வேண்டும்.

போரிக் அமிலத் தூள் வைப்பதானால், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத மெல்லிய படலமாக, உலர்ந்த மறைவிடங்களில் மட்டும் வையுங்கள். குவித்து வைத்தால் கரப்பான் சுற்றிக்கொண்டு போகும். பிள்ளைகளும் பிராணிகளும் எட்டும் இடத்தில் வேண்டாம். கோடு போடும் பூச்சிமருந்துக் கட்டி குழந்தைக்குச் சாக்பீஸ் மாதிரிதான் தெரியும், அதைத் தவிர்த்துவிடுங்கள்.

பெரிய கரப்பானுக்கு இத்தனை பாடு வேண்டாம். வடிகால் வாய்க்கு நெருக்கமான கண்ணுள்ள மூடி போடுங்கள். அதிகம் புழங்காத குளியலறையில் வாரம் ஒருமுறை ஒரு குவளை நீர் ஊற்றுங்கள். வடிகுழாயின் வளைவில் தேங்கி நிற்கும் நீர்தான் சாக்கடைக்கும் வீட்டுக்கும் இடையிலுள்ள கதவு. அது வற்றினால் பாதை திறந்துவிடும்.

6. எறும்புக்கு இரை, துடைப்பம் பிறகு

எறும்பு வரிசையைக் கண்டதும் ஈரத்துணியால் இழுத்துத் துடைக்கத் தோன்றும். வேண்டாம். அந்தத் தடத்தின் வழியாகத்தான் மருந்து கூட்டுக்குப் போகப் போகிறது. நீங்கள் பார்ப்பது இரை தேடும் சிறு பிரிவைத்தான்; ராணியும் பெரும்பகுதியும் கூட்டுக்குள் இருக்கின்றன.

தடத்தின் ஓரம் ஒரு துளி சர்க்கரைப் பாகும் ஒரு துளி எண்ணெயும் வைத்து, எதை மொய்க்கிறது என்று பாருங்கள். இனம் மாறினாலும், கூட்டில் புழுக்கள் வளரும் காலத்திலும் விருப்பம் மாறும். அதற்கேற்ற இரையைத் தேர்ந்தெடுங்கள்.

இனிப்பை மொய்த்தால் ஒரு கப் வெந்நீரில் எட்டு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் போராக்ஸ் (வெண்காரம்) கரைத்துப் பஞ்சில் நனைத்துத் தடத்தருகே வைக்கலாம். போராக்ஸ் அளவு ஏறக்குறைய ஒரு சதவீதம். "சீக்கிரம் சாகட்டும்" என்று இரட்டிப்பாக்கினால் எறும்பு வழியிலேயே செத்துவிடும், ராணிக்கு ஒரு சொட்டும் போகாது. குழந்தைகள் எடுத்துவிடாதபடி துளையிட்ட மூடிபோட்ட டப்பாவில் வையுங்கள்.

முதல் நாள் கூட்டம் பெருகும். ஒன்றிரண்டு வாரத்தில் தடம் தானே ஓயும். அப்புறம் சோப்பு நீரால் துடைத்து, நுழைந்த விரிசலைச் சீலன்ட் வைத்து அடையுங்கள். நடுவில் ஸ்ப்ரே அடித்தால் என்ன ஆகும் என்பதற்குப் பாரோ எறும்பு நல்ல உதாரணம். மஞ்சளாக, 2 மி.மீ. அளவில் இருக்கும் இந்த எறும்பின் கூட்டில் ராணிகள் பல. தொந்தரவு செய்தால் கூடு பிரிந்து பல கூடுகளாகிவிடும். ஒரு அறையில் இருந்த தொல்லை நாலு அறைக்குப் பரவும்.

7. எலி: பொறி முதலில், அடைப்பு அடுத்து, மருந்து கடைசி

சுண்டெலி சுமார் 20 நாளில் குட்டி போடும், ஒரு ஈற்றில் ஐந்திலிருந்து எட்டு. அவை ஆறு வாரத்தில் இனப்பெருக்கத்துக்குத் தயார். இரண்டைப் பிடித்துவிட்டு நிறுத்தினால் சில மாதத்தில் பழைய கணக்குக்கு வந்துவிடும். ஆகவே பிடிப்பது என்று தொடங்கினால் நிறையப் பொறிகளோடு ஒரே மூச்சில் பிடிக்க வேண்டும்.

முதலில் பாதை. எலி ஒரே வழியில் திரும்பத் திரும்பப் போவதால் அதன் உடம்பு எண்ணெயும் அழுக்கும் சுவரின் கீழ்ப்பகுதியிலும் உத்தரத்திலும் கரும்பட்டையாகப் படியும். பாதை நிச்சயமில்லை என்றால் இரவில் டால்கம் பவுடரை மெல்லத் தூவி வையுங்கள்; காலையில் கால்தடமும், நடுவே வால் இழுத்த கோடும் இருக்கும். பொந்து பல இருந்தால் ஒவ்வொன்றிலும் செய்தித்தாளைக் கசக்கித் தளர்வாகச் செருகுங்கள். மறுநாள் எது வெளியே தள்ளப்பட்டிருக்கிறதோ அதுதான் புழங்கும் பொந்து.

அடுத்து குணம். சுண்டெலி துருதுருவென்று புதிய பொருளை வந்து ஆராயும். பொறி வைத்த முதல் இரவே மாட்டக்கூடும். அது கூட்டிலிருந்து பத்து மீட்டருக்குள்தான் சுற்றும் என்பதால் பொறிகளை இரண்டு மூன்று மீட்டருக்கு ஒன்றாக வையுங்கள். முதல் சில இரவில் எதுவும் மாட்டவில்லை என்றால் இடத்தை மாற்றுங்கள்.

பெரிய எலி நேர்மாறு. புதிய பொருளைக் கண்டால் நாள் கணக்கில் ஒதுங்கிப் போகும். அதற்குப் பொறியை விசை ஏற்றாமல், இரையை மட்டும் வைத்து நாலைந்து நாள் விடுங்கள். இரை தொடர்ந்து காணாமல் போகத் தொடங்கியதும் ஒரே இரவில் எல்லாப் பொறிக்கும் விசை ஏற்றுங்கள். முதல் நாளே விசை ஏற்றி, எலி தட்டிவிட்டுத் தப்பிவிட்டால் அதற்குப் பொறி என்றால் என்னவென்று தெரிந்துவிடும். பிறகு பிடிப்பது பெரும்பாடு.

அடிக்கும் பொறியைச் சுவருக்குக் குறுக்காக, இரை இருக்கும் முனை சுவரைத் தொடும்படி வையுங்கள். சுவரோரம் எந்தப் பக்கத்திலிருந்து எலி வந்தாலும் விசையை மிதிக்கும். இரை பட்டாணி அளவுக்கு மேல் வேண்டாம். நூலால் கட்டிவிட்டால் நைசாக எடுத்துக்கொண்டு போக முடியாது. புழுக்கை கூரை எலியுடையது என்றால் தரையில் வைத்துப் பயனில்லை, பரணிலும் உத்தரத்திலும் குழாய் ஓடும் மேல்விளிம்பிலும் வையுங்கள். கூண்டுப் பொறி வைத்தால் தினமும் காலையில் பார்க்க வேண்டும். பசை அட்டையில் எலி பிடிப்பதை நான் ஆதரிப்பதில்லை. துடித்துத் துடித்துச் சாவது எலி மட்டுமல்ல, பல்லியும் குருவியும் அதில் மாட்டும்.

இனி அடைப்பு. வீட்டுக்குள் பொறிகள் தயாராக இருக்கும்போதுதான் வெளிச்சுவரை மூட வேண்டும். பொறியில்லாமல் மூடினால் உள்ளே சிக்கிய எலி வெளியேற வழி தேடி ஒயரையும் கதவையும் கடிக்கும். சுண்டெலிக்கு 6 மி.மீ. இடுக்கு போதும், பென்சில் நுழையும் துளையெல்லாம் அதற்கு வாசல். பெரிய எலிக்கு 12 மி.மீ. போதும். குழாய் நுழையும் துளையில் ஸ்டீல் நாரைத் திணித்து அதன்மேல் சிமென்ட் பூசுங்கள். நார் மட்டும் வைத்தால் இழுத்துப் போட்டுவிடும், சிமென்ட் மட்டும் ஈரமாகப் பூசினால் காய்வதற்குள் சுரண்டிவிடும். கதவடியில் தகடு, காற்றுப்போக்கிக்கு வலை, கூரையைத் தொடும் மரக்கிளைக்கு வெட்டு. ஒரு வாரம் பொறியில் எதுவும் விழாமல், பவுடரில் தடம் பதியாமல் இருந்தால் உள்ளே காலி.

மருந்தைக் கடைசியில் வைப்பதற்குக் காரணம் உண்டு. ப்ரோமாடியோலோன், ப்ரோடிஃபாகூம் போன்றவை இரத்தம் உறையாமல் செய்து, தின்ற பல நாள் கழித்தே கொல்லும். அதற்குள் எலி எங்கே போய்ச் சாகும் என்பது உங்கள் கையில் இல்லை. மருந்தேறிய எலியைத் தின்னும் பூனை, நாய், ஆந்தைக்கும் அது நஞ்சு. வைத்தே ஆகவேண்டும் என்றால் பூட்டுள்ள மருந்துப் பெட்டிக்குள், வீட்டுக்கு வெளியே மட்டும் வையுங்கள். சீக்கிரம் கொல்லும் பேஸ்ட், தூள் வகை எலி மருந்துகளை வீட்டுக்குள் கொண்டுவராமல் இருப்பதே நல்லது. குழந்தையோ பிராணியோ எந்த எலி மருந்தை வாயில் வைத்தாலும் வாந்தி எடுக்க வைக்காமல், அறிகுறி தெரியட்டும் என்று காத்திராமல், டப்பாவோடு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். இரத்த உறைவைத் தடுக்கும் வகைக்கு வைட்டமின் கே1 சிகிச்சை உண்டு. எந்த மருந்து என்று தெரிந்தால்தான் மருத்துவர் அதைத் தொடங்க முடியும்.

8. புழுக்கையைப் பெருக்காதீர்கள்

உலர்ந்த புழுக்கையைத் துடைப்பத்தால் பெருக்கினால் தூசி மூக்குக்குள் போகும். ஹாண்டா வைரஸ், சால்மோனெல்லா, எலிக்காய்ச்சல் என்று எலியின் கழிவால் பரவும் நோய்கள் பல.

ஜன்னலைத் திறந்து அரை மணி நேரம் காற்றோட விடுங்கள். கையுறையும் முகக்கவசமும் அணிந்து, ஒரு பங்கு ப்ளீச்சுக்கு ஒன்பது பங்கு நீர் கலந்து, புழுக்கை முழுக்க நனையும்படி தெளியுங்கள். ஐந்து நிமிடம் ஊறியதும் காகிதத்தால் துடைத்தெடுத்துப் பையில் கட்டிப் போடுங்கள். செத்த எலிக்கும் இதே முறைதான். ப்ளீச்சோடு ஆசிட்டையோ அமோனியா கலந்த திரவத்தையோ கலக்கவே கூடாது, நச்சு வாயு கிளம்பும்.

9. மூட்டைப்பூச்சி: அறையை மாற்றிப் படுக்காதீர்கள்

கடி தாங்காமல் பக்கத்து அறையில் படுப்பார்கள். மூட்டை நம் மூச்சிலிருந்து வரும் கரியமில வாயுவையும் உடம்புச் சூட்டையும் தேடி வருவது. அந்த அறைக்கும் வந்து சேரும். அல்லது நீங்களே தலையணையில் கொண்டு போவீர்கள். அதே கட்டிலில் படுத்துக்கொண்டு அந்தக் கட்டிலைச் சுத்தமாக்குவதுதான் வழி. அது நோய் பரப்புவதாகத் தெரியவில்லை என்பது ஒரு சிறு ஆறுதல்.

படுக்கைத் துணிகளை அங்கேயே பையில் கட்டி எடுத்துப்போய் 60 டிகிரி நீரில் துவையுங்கள், அல்லது உலர்த்தியில் அதிகச் சூட்டில் அரை மணி நேரம் ஓட்டுங்கள். 50 டிகிரிக்கு மேல் மூட்டையும் முட்டையும் தாங்காது. வெயிலில் மெத்தையைப் போட்டால் மேல்பக்கம் சுடும், பூச்சி அடிப்பக்கம் போய்விடும். வெயிலை மட்டும் நம்பிப் பயனில்லை.

கட்டிலைக் கழற்றித் திருகுத் துளை, மூட்டு, பலகை விரிசல் எல்லாவற்றிலும் நீராவி காட்டுங்கள். மெல்ல நகர்த்த வேண்டும். வேகமாக இழுத்தால் முட்டைக்குச் சூடு ஏறாது, காற்றழுத்தத்தில் பூச்சி பறந்தும்விடும். பிறகு கட்டிலைச் சுவரைவிட்டு நகர்த்தி, கால்களின் கீழே வழவழப்பான கிண்ணம் வையுங்கள். வெளியே இருப்பவை ஏற முடியாமல் அதில் விழும், எத்தனை மிச்சம் என்ற கணக்கும் கிடைக்கும். முட்டை ஒன்று முதல் இரண்டு வாரத்தில் பொரிக்கும் என்பதால் பத்து நாள் இடைவெளியில் நீராவியைத் திரும்பக் காட்டுங்கள். புகைக்குண்டு போட வேண்டாம். புகை இடுக்குக்குள் போகாது, பூச்சிதான் அடுத்த அறைக்குப் போகும்.

10. மற்றவை சுருக்கமாக

தானியத்தில் வண்டு: பெண் வண்டு மணியைத் துளைத்து, உள்ளே முட்டையிட்டு, துளையை மூடிவிடும். அதனால் சுத்தமாகத் தெரியும் தானியத்திலும் சில வாரம் கழித்து வண்டு கிளம்பும். புதிதாக வாங்கியதைப் பழையதோடு கொட்டாமல், முதலில் நாலைந்து நாள் ஃப்ரீசரில் வைத்து எடுத்து, ஈரம் போன பிறகு இறுக்கமான டப்பாவில் போடுங்கள்.

ராமபாணம் புத்தகப் பசையையும் மாவுச்சத்தையும் தின்னும்; ஈரக்காற்று இல்லாமல் வாழாது. அலமாரியைச் சுவரிலிருந்து சற்று நகர்த்திக் காற்றோட விட்டாலே பாதி குறையும்.

கரையான் மண் கோட்டை முழுக்கச் சுரண்டி எடுத்து ஸ்ப்ரே அடிப்பது வீண் வேலை. கூடு மண்ணுக்கடியில் இருக்கிறது. நீங்கள் கொல்வது வேலையாட்களில் சிலரை. ஒரு விரல் அளவு மட்டும் உடைத்துவிட்டு இரண்டு மூன்று நாள் கழித்துப் பாருங்கள். மறுபடி கட்டியிருந்தால் கூடு உயிரோடு இருக்கிறது, மேற்கொண்டு கலைக்காமல் ஆளைக் கூப்பிடுங்கள்.

11. ஆளைக் கூப்பிட வேண்டிய நேரம்

கரையான் உயிரோடு இருந்தால், மூட்டை இரண்டு அறைக்கு மேல் பரவியிருந்தால், இருமுறை ஜெல் மாற்றியும் பசை அட்டையில் குஞ்சு குறையாவிட்டால், அடுக்குமாடியில் பக்கத்து வீட்டிலிருந்து வருவது உறுதியானால் தனியாகப் போராட வேண்டாம். அடுக்குமாடியில் ஒரு வீட்டுக்கு மட்டும் செய்யும் வேலை நிலைக்காது. சுவரைப் பகிரும் வீடுகளிலும் மேலும் கீழுமாக உள்ள வீடுகளிலும் ஒரே வாரத்தில் செய்ய வேண்டும்.

வருகிறவரிடம் நீங்கள் வரைந்த படத்தையும் தேதி எழுதிய பசை அட்டைகளையும் காட்டுங்கள். எந்த மருந்து, எந்த இடத்தில், எத்தனை மணி நேரம் அறையைப் பூட்டி வைக்க வேண்டும், இரண்டாம் முறை எப்போது வருவார் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். வந்தவர் டார்ச்சை எடுக்காமல், ஃப்ரிட்ஜை நகர்த்தாமல், நேரே தெளிப்பான் பம்பை அழுத்தத் தொடங்கினால் நிறுத்தச் சொல்லிவிட்டு வேறொருவரைப் பாருங்கள்.